சொதப்பலுக்கு எழுவாய் இல்லை

போகக் கூடாத பக்கம் போனது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு முனை உள்ள எஃகுக் கட்டை ஒன்று வைத்திருப்போம். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறு முனை, கழுத்தில் சிவப்புக் கோடு போட்டது, போகவே கூடாது. அன்று காலை அந்தச் சிவப்பு முனையை ஒரு புஷ்ஷின் வாயில் வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

இன்னொன்றை எடுத்தேன். போனது. ட்ரேயின் அடியிலிருந்து ஒன்றை உருவினேன். அதுவும் போனது.

புஷ் என்பது தண்டு சுழல்வதற்கான இரும்பு உருளை, உள்ளங்கையில் அடங்கும். முந்தின நாள் முழுக்க ஓடியதில் நானூற்றுச் சொச்சம் என் மேசையைச் சுற்றி அடுக்கியிருந்தது. கடையும்போது ஊற்றும் கூலன்ட் காயாமல், புளித்த மோர் மாதிரி ஒரு வாடை அடித்தது. துளை சின்னதாக வந்திருந்தால் மறுபடி மெஷினில் ஏற்றிக் கடைந்துகொள்ளலாம். பெரிதாகிவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். இவை பெரிதாகிவிட்டன, ஒரு தலைமுடி கனத்துக்கு.

ஒர்க்ஸ் மேனேஜர் ஜோஷி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மேடம், க்யா ஹுவா?” என்று, என்ன ஆனதென்று இந்தியில் கேட்டார்.

“சொதப்பல்” என்றேன்.

தலையாட்டினார். அவருக்கு அந்தச் சொல் தெரியும். புனேயின் போசரியில் அந்த ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கொண்டுவந்து விட்டது நான்தான்.

சிவப்புத் தொட்டி

நான் கோவைக்காரி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையில் அளவு பார்க்கும் வேலை. கல்யாணமாகிப் புனே வந்தபோது என் இந்தி ‘கித்னா’, ‘நஹி’, ‘பஸ்’ (எவ்வளவு, இல்லை, போதும்) என்ற மூன்று சொற்களோடு நின்றது. இன்ஸ்பெக்ஷன் வேலைக்கு அதுவே ஏறக்குறைய போதும்.

ஆனால் சலித்துக்கொள்ளப் போதாது. கோணலாக வந்த பீஸைக் கையில் எடுத்தால் வாய் தானாகத் தமிழில்தான் முணுமுணுக்கும். பக்கத்து லேத்தில் நின்ற ஷிந்தே அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஷிந்தே லாத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முதல் நாளே என்னைத் ‘தாயி’ என்று கூப்பிட்டார். எனக்கு மகா கோபம். நரைத்த மீசையை வைத்துக்கொண்டு இருபத்தாறு வயதுக்காரியைத் தாயே என்கிறாரே என்று அன்றிலிருந்து அவர் பீஸ்களை இரண்டு முறை அளந்தேன். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மாதம் அவர் வேலையில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் காலை உள்ளே நுழைந்தால், கழித்த பீஸ்களைப் போடும் சிவப்புத் தொட்டியின் மேல் சாக்பீஸால் தேவநாகரிக் கொட்டை எழுத்தில் ‘சொதப்பல்’ என்று எழுதியிருந்தது. ஷிந்தேயின் கைங்கரியம். யாரும் அழிக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குத் தொட்டிக்குப் பெயின்ட் அடித்தவர் அதையும் பெயின்டிலேயே எழுதி நிரந்தரமாக்கிவிட்டார். புனேயில் தமிழுக்கு நான் செய்த தொண்டு அது ஒன்றுதான்.

தப்பு வேறு, சொதப்பல் வேறு

எங்கள் வீட்டில் அட்டை கிழிந்த ஓர் அகராதி இருக்கிறது. அதில் இந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன், இல்லை. சொதசொதவென்று ஊறிப்போன எதையோ பார்த்து யாரோ உண்டாக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். மொழி படித்தவர்கள் சிரிக்கலாம்.

எங்கிருந்து வந்ததோ, பொருள் மட்டும் துல்லியமானது. ரசம் வைக்கத் தெரியாதவர் வைத்து அது வாயில் வைக்க முடியாமல் போனால், “பாவம், தெரியல” என்போம். வருடக்கணக்காக வைத்தவர் ஒருநாள் நினைவில்லாமல் புளியை இரண்டு தரம் கரைத்து ஊற்றினால்தான் சொதப்பல். கைக்கு வந்த வேலை கை நழுவிப் போக வேண்டும். தவிர, அதில் கொஞ்சம் வாஞ்சையும் உண்டு. பிடிக்காதவன் செய்தால் “கெடுத்துட்டான்”. வேண்டியவன் செய்தால் “சொதப்பிட்டான்”. ஏனோதானோ என்று செய்கிறவனுக்கு இந்தச் சொல்லைத் தர எனக்கு மனசு வராது.

இதில் இன்னொரு வசதி இருக்கிறது. என் கணவர் கராடியில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். அவர் குழுவில் பாதிப்பேர் சென்னை, கோவை ஆட்கள். வீட்டிலிருந்தே அவர்கள் பேசும் மீட்டிங்கைக் கேட்டால், “ரிலீஸ் சொதப்பிடுச்சு”, “டெமோ சொதப்பிடுச்சு” என்று வாரத்துக்கு நாலு முறையாவது காதில் விழும். ரிலீஸ் என்ற அந்தப் பொருள் தானே எழுந்து நடந்து போய்ச் சொதப்பிக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். செய்த ஆளை அந்த வாக்கியத்தில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்கமாட்டார். ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

“யாருங்க சொதப்பினது?”

“அதான் சொன்னேனே, ரிலீஸ்” என்றார்.

பள்ளியில் எழுவாய், பயனிலை என்று படித்தோம். செய்தவர் யார் என்று கேட்டால் எழுவாய் கிடைக்கும். அந்த எழுவாயை நைசாகக் கழற்றிவிட இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. வெறும் பெயராக்கிவிட்டால் இன்னும் சௌகரியம். ‘சொதப்பல்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ளலாம். யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

ஜோஷி கேட்டார்.

யாருடையது?

“கிஸ்கா?” என்றார்.

அதற்குள் ஷிந்தே கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அந்த லாட் அவர் மெஷினில் ஓடியது. ஒரு புஷ்ஷை எடுத்துச் சிவப்பு முனையைத் தானே விட்டுப் பார்த்தார். அது போனதும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாக, “மாஜ்யாகடூன் ஜாலே, தாயி” என்றார். என்னிடமிருந்து ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. முழு லாட்டும் கழிந்தால் காண்ட்ராக்ட் ஆளை மறுநாள் காலை கேட்டிலேயே நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். விசாரணை, கடிதம் எதுவும் கிடையாது. அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

“மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும்” என்று சொல்லிவிட்டு ஜோஷி போனார். ஷிந்தேயும் போனார்.

எதற்கும் கேஜைச் சரிபார்ப்போம் என்று அலமாரியைத் திறந்தேன். துளை அளக்கும் கேஜைத் தினமும் காலையில் நான்தான் செட்டிங் ரிங் என்ற ஓர் எஃகு வளையத்தில் வைத்துப் பூஜ்யத்துக்குத் திருப்புவேன். வளையங்கள் இரண்டு. இரண்டு வேறு வேலைகளுக்கு. அளவில் ஒரு தலைமுடி கனம்தான் வித்தியாசம். கண்ணுக்கு இரட்டைப் பிறவிகள். தனித்தனி மரப்பெட்டியில் இருக்கும், மூடியில் எண் ஒட்டியிருக்கும். வளையத்தின் மேலும் எண் செதுக்கியிருக்கும். மூடியைப் பார்க்காதே, வளையத்தைப் படி என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான்.

பெட்டியைத் திறந்து வளையத்தைப் படித்தேன். மற்றொரு பெட்டியைத் திறந்து அதையும் படித்தேன். இரண்டும் இடம் மாறியிருந்தன.

முந்தின நாள் காலை நினைவுக்கு வந்தது. கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று கணவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு வளையங்களையும் துடைத்து வைத்தேன். பிறகு மூடியைப் பார்த்து ஒன்றை எடுத்து, மெஷினுக்குப் போகும் கேஜ், என் கேஜ் இரண்டையும் அதிலேயே பூஜ்யமாக்கினேன். ஷிந்தே முதல் பீஸைக் கொண்டுவந்தார். அளந்துவிட்டு, சின்னதாக இருக்கிறது, பெரிதாக்குங்கள் என்றேன்.

“என் கணக்குக்குச் சரியா வந்திருக்கணுமே, தாயி” என்று தயங்கினார்.

“கேஜ் பொய் சொல்லாது” என்றேன்.

அவர் போய்ப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். நானூற்றுச் சொச்சம் புஷ்கள் அந்தக் கையெழுத்தின் பேரில் ஓடின.

வளையங்களை அதனதன் பெட்டியில் வைத்து மூடினேன். ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில், ‘செட்டிங் மிக்ஸ்-அப்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுவாயும் இல்லை.

ஜோஷி படித்தார். செட்டிங் என்றால் அவருக்கு மெஷின் செட்டிங். “ஷிந்தே, இல்லையா?” என்று கேட்டார். நான் மேசை விளிம்பில் ஒட்டியிருந்த எண்ணெயை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதில் வராததைப் பதிலாக எடுத்துக்கொண்டு, அவரே பேனாவைத் திறந்து பெயரை எழுதினார்.

வேலை போய்விடும் என்று பயந்தேனா? இல்லை. நான் நிரந்தர ஊழியர், ஒரு மெமோவோடு போயிருக்கும். என் பயம் அற்பமானது. மேடம் கை வைத்தால் சரியாக இருக்கும் என்று அந்த ஷெட் முழுக்க ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்காததுபோல் கேட்டு, உள்ளுக்குள் ரசித்து வந்தேன். அது போய்விடுமே என்றுதான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு பலகாரத்தின் பெயர்

விமான் நகர் வீட்டில் அன்று சாயங்காலம் தோசை.

எங்கள் மகள் இனியா அப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டுக்கு வெளியே மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலம், தமிழ் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும். அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களுக்கு அவளே ஒரு அகராதி வைத்திருந்தாள். அதில் சொதப்பல் என்பது ஒரு பலகாரம்.

தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு வராமல் போகும் நாட்களில் நான், “இன்னிக்குச் சொதப்பல்” என்பேன். சுரண்டி எடுத்த துண்டுகளை வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டி, மேலே இட்லிப் பொடி தூவித் தட்டில் வைப்பேன். மிஞ்சின சப்பாத்தியைப் பிய்த்துத் தாளித்துத் தருவது இந்த ஊரிலும் எல்லா வீட்டிலும் உண்டு. இனியாவுக்குத் தோசையைவிட அதுதான் பிரியம். “அம்மா, நாளைக்கு டப்பால சொதப்பல்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். அவள் வகுப்புத் தோழியின் அம்மா ஒருநாள் போனில் கூப்பிட்டு, சொதப்பல் எப்படிச் செய்வது என்று மராத்தியில் கேட்டார். முதலில் கல் நன்றாகக் காய்ந்திருக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன்.

அன்றைக்கு என்று பார்த்து தோசை ஒவ்வொன்றும் கல்லிலிருந்து தாள் மாதிரி எழுந்து வந்தது.

“இன்னிக்கு சொதப்பல் நஹி?” என்று இனியா முகத்தைச் சுருக்கினாள்.

எனக்கு வாதாடத் தெம்பில்லை. முறுகலாக வந்த ஒரு தோசையை அப்படியே கையால் பிய்த்துப் போட்டு, தாளித்து, பொடி தூவித் தட்டில் வைத்தேன். அவள் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தைப் பார்த்தாள். என்னைவிடக் கறாரான இன்ஸ்பெக்டர். தட்டைத் தள்ளி வைத்தாள்.

“இது சொதப்பல் நஹி. நீ ஜான்பூஜ்கே பிச்சே.”

ஜான்பூஜ்கே என்றால் வேண்டுமென்றே.

“எப்படிப் பிச்சா என்ன, தின்னு” என்று அவள் அப்பா சொன்னார். அவள் தின்னவில்லை. எனக்கும் இறங்கவில்லை. வளையத்தை மாற்றி வைத்தது சொதப்பல். அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். மத்தியானம் ஜோஷி பேனாவைத் திறந்தபோது நான் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நின்றேனே, அது சொதப்பல் இல்லை. அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லை என்று ஏழு வயதுக்காரி தட்டைத் தள்ளி வைத்துச் சொல்லிவிட்டாள். தான் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கு இன்று வரை தெரியாது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள், தமிழ் படிக்க வராது. இதையும் படிக்கப்போவதில்லை.

திகி

மறுநாள் காலை நான் போய்ச் சேர்வதற்குள் ஷிந்தேயைக் கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் லேத்தில் வேறொருவர் நின்றார்.

இரண்டு பெட்டிகளையும் எடுத்துப்போய் ஜோஷியின் மேசையில் வைத்துத் திறந்து காட்டினேன். எது எதில் இருந்தது, நான் என்ன செய்தேன், ஷிந்தே என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

“இது உங்களுக்கு இன்னிக்குத் தெரிஞ்சுதா, நேத்தே தெரியுமா?”

“நேத்தே” என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பெட்டியின் மூடியைச் சாத்தினார். அன்றே மெமோ வந்தது. ஆறு மாதம் முதல் பீஸுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை போனது. ஷிந்தேயைக் கூப்பிட்டுவிடச் சொன்னார்கள், இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தார். அதன் பிறகு தினமும் காலையில் மெஷினைத் தொடுவதற்கு முன் என் அறைக்கு வருவார். வளையத்தைக் கையில் வாங்கி, செதுக்கியிருக்கும் எண்ணைத் தானே படித்துவிட்டுத்தான் கேஜை எடுத்துக்கொண்டு போவார். நானும் துடைத்து நீட்டுவேன். அந்த வேலையை நான் விடும்வரை அது நடந்தது. அதோடு பார்த்தால் எனக்குக் கிடைத்த மெமோ ஒன்றுமே இல்லை.

ஆனால் அவர் திரும்பி வருவதற்கு முன், மெமோ வந்த அன்று சாயங்காலமே நான் திகிக்குப் போனேன். என் ஸ்கூட்டர் வழியில்தான் அவர் வீடு. முக்கில் மாவு அரைக்கும் கடை, பக்கத்துச் சந்தில் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். அவர் மனைவி கதவைத் திறந்து, யார் என்று தெரிந்ததும் முகம் இறுகி, ஆனாலும் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஷிந்தே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய காலண்டர் தாள். பின்பக்கம் முழுக்க எண்கள். அடித்து, மறுபடி எழுதி, கட்டம் கட்டியவை.

“காலையிலேருந்து போட்டுப் பாக்குறேன் தாயி” என்று மராத்தியில் சொன்னார். “எங்க விட்டேன்னு தெரியல. எப்படிப் போட்டாலும் கணக்குச் சரியாத்தான் வருது.”

செய்யாத தப்பை ஒரு பகல் முழுக்கத் தேடியிருக்கிறார். எடுத்த தம்ளரைக் கீழே வைத்தேன்.

வழியில் சிக்னலில் நின்றபோதே மராத்தியில் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். மாஜ்யாகடூன் ஜாலே. என்னிடமிருந்து ஆகிவிட்டது. வாய் வரைக்கும் வந்தது. அது அவர் சொன்ன வாக்கியம். தான் செய்யாததற்காக அவர் எல்லோர் முன்னாலும் சொன்னது. அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலும் அதிலும் ஏதோ ஒன்று தானாகத்தான் ஆகிறது. இந்தியில் தேடினேன். அகப்பட்டவையெல்லாம் ஆகிவிட்டது, நடந்துவிட்டது என்றுதான் முடிந்தன.

கடைசியில் வந்தது தமிழ்தான்.

“சொதப்பிட்டேன்.”

ஷிந்தே தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அந்தச் சொல்லைத் தொட்டியில் எழுதியவர் அவர். அதற்கு இப்படி ஒரு வால் இருப்பதை அவர் கேட்டதே இல்லை. இத்தனை வருடத்தில் அந்த ஷெட்டில் நான் அதை ஒருமுறைகூட இப்படி முடித்ததில்லை.

“சொதப்பல் தெரியும், தாயி” என்றார். “அதென்ன, ட்டேன்?”

மராத்தியில் நான் என்பதற்கு ஓர் எழுத்துதான்.

“மீ” என்றேன்.